களியா, பாக்கெட்டா, மிச்சச் சோறா: வீட்டு நாயின் தட்டில் எதை வைப்பது?

ஓசூரில் வாடகை வீட்டில் லாப்ரடார் வளர்க்கும் ஒரு வாசகி. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக் காவலுக்கு இரண்டு நாட்டு நாய் வைத்திருக்கும் ஒரு பெரியவர். பென்னாகரத்தில் போன மாதம்தான் குட்டி எடுத்த ஒரு கல்லூரிப் பையன். மூன்று பேரும் கேட்டது கிட்டத்தட்ட ஒரே கேள்வி. வீட்டில் செக்கு எண்ணெய் வந்தாச்சு, நாட்டுச் சர்க்கரை வந்தாச்சு, வாரத்தில் மூணு நாள் சாமையும் கேழ்வரகும்தான். நாய்க்கு மட்டும் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டுவது உறுத்துகிறது. வீட்டுச் சோறு போட்டாலோ சத்துப் பத்தாது என்கிறார்கள். எதைத்தான் போடுவது?

இந்தக் கேள்விக்கு ஒரு முறை தப்பான பதிலைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டியின் காலைக் கெடுத்தவள் நான். அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

ஆறு வருஷம் முன்னால் பாலக்கோட்டில் எங்கள் தெருக்கோடியில் பிறந்த செவலைக் குட்டி ஒன்றை எடுத்து வந்தேன். பாக்கெட் என்றாலே ரசாயனம் என்று நினைத்த காலம். தினமும் சோறு, வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, கொஞ்சம் தயிர். எலும்பு தொண்டையில் குத்திவிடும் என்று ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துவிடுவேன். குட்டி மினுமினுவென்று வளர்ந்தது, பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். ஐந்தாம் மாதம் வாசல்படி ஏற மறுத்தது. முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைய ஆரம்பித்தன. தூக்கினால் கத்தியது.

மருத்துவர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் வரைந்து பாதி அழித்ததுபோல ஒரு நிழல்.

"என்னம்மா போடறீங்க?"

"கறியும் சோறும் சார். எலும்பு இல்லாம."

"அப்புறம் சுண்ணாம்புச் சத்து எங்கேருந்து வரும்?"

கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் துளிதான். சோற்றில் அதுவும் இல்லை. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும். நல்ல சாப்பாடு என்று நான் நினைத்தது அந்தக் குட்டியைத் தன் எலும்பையே தின்ன வைத்திருக்கிறது. சிகிச்சையில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. இன்றும் படுத்து எழும்போது வலது முன்னங்காலைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்துத்தான் எழுவாள் செவலை.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது சத்து. அதிலும் முக்கியமாகக் கால்சியம். நாயின் உணவில் ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு கால்சியம் இருக்க வேண்டும். எலும்பில்லாத கறியில் இது தலைகீழ்: கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பதினைந்து மடங்குக்குக் குறையாது.

அடுத்தது காசு. கடை பில் மட்டும் போதாது, கேஸ், குளிர்பெட்டி இடம், மருத்துவச் செலவு எல்லாம் சேர்த்து. பிறகு நேரம்: நீங்கள் மூன்று நாள் கல்யாணத்துக்குப் போனால் அதே உணவை வேறு யாராவது போட முடியுமா? நான்காவது, வீட்டு மனிதர்களுக்கு அதனால் ஏதும் கேடு வருமா? இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் கேட்டே ஆக வேண்டும்.

கடைசியாகத்தான் இயற்கை. எனக்கு இயற்கை என்றால் அந்தப் பொருள் எந்த நிலத்திலிருந்து, யார் கை வழியாக வந்தது என்று தெரிவது. பையின் மேல் பச்சை இலைப் படம் இருப்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒப்பிட ஒரே அளவு வேண்டும் என்பதால் 20 கிலோ எடையுள்ள, சாதாரணமாக ஓடியாடும் வளர்ந்த நாயை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,000 கலோரி வேண்டும். விலையெல்லாம் நான் வாங்கும் கடைகளின் விலை. உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கும், கணக்குப் போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

| | பாக்கெட் | வீட்டுக் களியும் கறியும் | வீட்டு மிச்சம் | பச்சைக் கறிக்கழிவு |
|---|---|---|---|---|
| சத்து | பை பார்த்து வாங்கினால் முழுமை | கால்சியம் தனியாகச் சேர்த்தால்தான் சரி | பத்தாது | ஒருபக்கமாகச் சாயும் |
| மாதச் செலவு | 1,800 முதல் 2,700 ரூபாய் | சுமார் 2,450 ரூபாய் | கணக்கில் வராது | 600 முதல் 900 ரூபாய் |
| நேரம் | 2 நிமிடம் | தினம் 25 நிமிடம் | இல்லை | கடைக்குப் போகும் நேரம் |
| மறைந்த செலவு | திறந்த பை கெடுவது, அளவு மீறுவது | கேஸ், குளிர்பெட்டி, சத்து மாத்திரை | மருத்துவமனை | பூச்சி மருந்து, மனிதர்க்கு நோய் |
| எங்கிருந்து வந்தது | தெரியாது | தெரியும் | தெரியும் | பாதி தெரியும் |

## பாக்கெட் தீவனம்

எந்தக் கம்பெனிப் பையாக இருந்தாலும் நம் ஊர்க் கடையில் பெயர் 'பெடிகிரி'தான். என் பழைய வெறுப்பை ஒதுக்கி வைத்துச் சொன்னால், இதன் பெரிய பலம் சலிப்பூட்டும் ஒரு பலம்: இன்றைய உருண்டையும் நாளைய உருண்டையும் ஒன்றே. கால்சியம், துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி எல்லாம் அளந்து கலந்தது. வளரும் குட்டிக்கு இது சின்ன விஷயமில்லை.

பையைத் திருப்பிப் பாருங்கள். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று இருந்தால் அதை மட்டுமே போட்டு வளர்க்கலாம். 'காம்ப்ளிமெண்டரி' என்றோ 'ட்ரீட்' என்றோ இருந்தால் அது தின்பண்டம். உள்ளே இருப்பவற்றின் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். முதலில் சோளமும் அரிசியும் இருந்து கறி நாலாவதாக வந்தால் நீங்கள் வாங்குவது விலை உயர்ந்த தானியம். புரதம் வளர்ந்த நாய்க்கு 18 சதவீதத்துக்கும் குட்டிக்கு 22.5 சதவீதத்துக்கும் கீழே போகக் கூடாது. இது ஈரம் கழித்த கணக்கில் அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் அடிமட்ட அளவு.

'தானியம் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் போட்டுக் கூடுதல் விலைக்கு விற்கும் பைகளுக்கு மயங்க வேண்டாம். தானியத்துக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் உருளைக்கிழங்கும் நிறைந்த தீவனங்களுக்கும் நாய்களின் இதயத் தசை தளரும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018ல் விசாரணையே தொடங்கியது. கேழ்வரகு விளையும் ஊரில் உட்கார்ந்துகொண்டு தானியமில்லாத உணவைக் காசு கொடுத்து வாங்குவது வேடிக்கைதான்.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று, பை திறந்தபின் ஆகும் சேதம். உருண்டையின் மேல் தெளித்திருக்கும் கொழுப்பு சித்திரை வெயிலில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். விலை குறைவு என்று 20 கிலோ மூட்டை வாங்கி ஒரே நாய்க்குப் போட்டால் இரண்டு மாதத்துக்கு மேல் இழுக்கும், பாதிக்கு மேல் கெட்டதைத்தான் போடுவீர்கள். திறந்த மூட்டையிலிருந்து கிலோக் கணக்கில் நிறுத்துத் தரும் 'லூஸ்' தீவனத்தை வாங்கவே வேண்டாம். எப்போது திறந்தது, எப்போது காலாவதி என்று கடைக்காரருக்கே தெரியாது. இரண்டு, அளவு. நம் 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 300 கிராம் போதும். நிறுத்துப் பார்த்தால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும், கை தானாக இன்னொரு பிடி அள்ளும்.

உள்ளே போவது எந்த ஊர்க் கோழி, எந்த வயல் சோளம் என்பது கடைசிவரை தெரியாது. 2007ல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்து, வட அமெரிக்காவில் ஏராளமான செல்லப்பிராணித் தீவனங்களைத் திரும்பப் பெற்றார்கள். இயற்கை வாழ்க்கை என்ற அளவுகோலில் பாக்கெட் தோற்பது இந்த இடத்தில்தான்.

## வீட்டில் தனியாகக் கிளறும் களியும் கறியும்

"நாங்க வளத்த நாயெல்லாம் பாக்கெட்டா தின்னுச்சு? கேவுரு களிதான்" என்பாள் அம்மா. அவள் பக்கம் அறிவியலும் இருக்கிறது. ஓநாயையும் நாயையும் ஒப்பிட்டு 2013ல் வந்த மரபணு ஆய்வில், மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியைத் தரும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு கூடுதலாக இருப்பது தெரிந்தது. மனிதனோடு களத்துமேட்டில் வாழ்ந்து பழகிய வயிறு அது. நன்றாக வெந்த களி நாய்க்கு ஆகும்.

நம் மாவட்டங்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் மானாவாரியில் விளையும் கேழ்வரகுக்குப் பெரும்பாலும் மருந்தடிப்பதில்லை. சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் இயற்கை விவசாயிகள் சங்கமாகவே சேர்ந்து சிறுதானியம் விளைவிக்கிறார்கள். 2023 முதல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வாங்கும் வழியும் வந்தது. இயற்கை உணவுக்காகச் சென்னைக்காரர்கள் கூரியரில் வரவழைப்பது நமக்கு சந்தையில் கிடைக்கிறது.

இன்னொரு சௌகரியம்தான் பெரியது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் பத்து மில்லிகிராம் தேறினாலே அதிகம். நான் செவலைக்குச் சோற்றுக்குப் பதில் களி போட்டிருந்தால் கால் அவ்வளவு வளைந்திருக்காது. ஆனால் அப்போதும் முழுசாகத் தப்பியிருக்க மாட்டாள். கணக்கைப் பாருங்கள்.

இப்போது அவளுக்கு ஒரு நாளைக்கு நான் போடுவது: கேழ்வரகு மாவு 120 கிராம், எலும்பு நீக்கிய கோழிக்கறி 200 கிராம், ஒரு முட்டை, ஒரு பிடி பூசணியோ முருங்கைக்கீரையோ, ஒரு டீஸ்பூன் கடலை எண்ணெய். ஏறத்தாழ 950 கலோரி, 50 கிராம் புரதம். நாள் கணக்குக்குப் போதும். கால்சியத்தைக் கூட்டினால் 500 மில்லிகிராமைத் தாண்டுவதே கஷ்டம். தேவையோ 1,000 முதல் 1,250. போதாததற்குக் கேழ்வரகில் உள்ள பைட்டிக் அமிலம் கால்சியத்தில் ஒரு பகுதியைக் கட்டிப் போட்டுவிடும்.

அந்தப் பள்ளத்தை நிரப்புவது முட்டை ஓடு. ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து மிக்ஸியில் அரைத்துத் துணியில் சலிக்க வேண்டும். விரலிடுக்கில் தேய்த்தால் நெருநெருப்பு இருக்கக் கூடாது, விபூதிபோல இருக்க வேண்டும். அதில் அரை டீஸ்பூன் ஏறத்தாழ ஒரு கிராம் கால்சியம். மேலே சொன்ன அளவுக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக, தினமும். வாரத்துக்கு ஒரு நாள் மொத்தமாகப் போட்டால் கணக்கு ஒப்பேறாது.

கிளறும் முறையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கறியை உப்பு, மஞ்சள், எதுவும் இல்லாமல் வேகவைத்து, எலும்பை நீக்கி, அந்தச் சாற்றிலேயே மாவைக் கொட்டித் துடுப்பால் கிளறுகிறேன். சாற்றைக் கீழே ஊற்றினால் கறியின் சத்தில் ஒரு பங்கும் அதோடு போய்விடும். வெந்ததா என்று பார்க்க நமக்குப் பார்ப்பதுபோலத்தான்: கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. வேகாத மாவு நாய்க்கு வயிற்றுப்போக்கு தரும். அப்புறம் ஆறவிடுங்கள். களி மேலே ஆறியதுபோல இருக்கும், நடுவே கொதித்துக்கொண்டிருக்கும். நாய் மென்று தின்னாது, அப்படியே விழுங்கும். உருண்டையை நாலாகப் பிய்த்து நடுவில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் போடுவேன்.

கால்சியம் தீர்ந்தால் எல்லாம் தீர்ந்ததா என்றால் இல்லை. வீட்டில் சமைத்துப் போடும் செய்முறைகள் இருநூறை அமெரிக்காவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2013ல் அலசினார்கள். அதில் 95 சதவீதத்தில் ஏதாவதொரு அத்தியாவசியச் சத்துக் குறைந்திருந்தது. மருத்துவர்களே எழுதிய சில செய்முறைகளும் அதில் அடக்கம். அடிக்கடி விட்டுப்போவது துத்தநாகம், வைட்டமின் டி, வைட்டமின் ஈ போன்றவை. "வெயில்ல கெடந்தா டி கெடச்சிடும்" என்பது நமக்குச் சரி, நாய்க்குச் சரியில்லை. நாயின் தோல் வெயிலிலிருந்து போதுமான அளவு வைட்டமின் டி தயாரிக்காது, தட்டிலிருந்துதான் வர வேண்டும். அதனால் வாரம் ஒரு நாள் கோழி ஈரல் ஒரு துண்டு, கிடைக்கிறபோது வேகவைத்து முள் எடுத்த மத்தி. ஈரலைத் தினமும் போடாதீர்கள், வைட்டமின் ஏ அளவு மீறி எலும்பு மூட்டைப் பிடிக்கும். இவற்றுக்கு மேல் மருத்துவர் எழுதித் தரும் சத்துப் பொடி ஒன்றும் வேண்டும்.

இப்போது காசு. மாவு 6 ரூபாய், எலும்போடு வாங்கும் கோழி 64, முட்டை 6, காயும் எண்ணெயும் 6. நாளைக்கு 82, மாதத்துக்கு 2,460. கேஸும் சத்துப் பொடியும் தனி. ஆக, வீட்டுச் சாப்பாடு பாக்கெட்டைவிட மலிவு என்பது கறியைக் குறைத்துக்கொண்டவர்களின் கணக்கு. கறியைக் குறைத்து மாவைக் கூட்டினால் செலவு பாதியாகும், நாயின் தொடைச் சதையும் பாதியாகும்.

இருந்தாலும் இன்று நான் செய்வது இதைத்தான். வீட்டில் எப்படியும் வாரம் நாலு நாள் களி கிண்டுகிறோம், அடுப்பு ஏற்கெனவே எரிகிறது. களி இல்லாத வீட்டில் நாய்க்காக மட்டும் தனி உலை வைத்தால் மூன்றாவது மாதம் அலுத்துவிடும். அலுத்தபின் முதலில் விட்டுப்போவது முட்டை ஓட்டுப் பொடிதான், என் அனுபவத்தில் சொல்கிறேன்.

யாருக்கு ஏற்றது: வளர்ந்து முடிந்த, நோயில்லாத நாய். தினமும் அளந்து போட ஒரு ஆள் இருக்கும் வீடு. பாக்கெட் சேராமல் தோல் அரிப்பெடுக்கும் நாய்க்கும், மருத்துவர் மேற்பார்வையில்.

## வீட்டு மிச்சம்

ஊரில் பத்துக்கு எட்டு நாய் இதில்தான் பிழைக்கிறது. "அதெல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். அந்த நாய்கள் மிச்சத்தோடு எலியையும், கோழிக் குடலையும், பக்கத்து வீட்டு முட்டையையும் தின்கின்றன என்பதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. கேட்டுக்குள் கட்டிவைத்த நாய்க்கு அந்த உபரி கிடையாது.

சத்துக் குறைவைவிட நம் குழம்பே பெரிய பிரச்சினை. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்தாலும் அந்த நஞ்சு போகாது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேரும். ஈறு வெளுத்து, சிறுநீர் காபி நிறத்தில் போனால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது புளி. நம் மாவட்டத்தில் சாலையோரமெல்லாம் புளியமரம், வீட்டில் தினமும் ஏதோ ஒரு புளிக்குழம்பு. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி. ஏன் என்று தேடியபோது டார்டாரிக் அமிலத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. அந்த அமிலம் மிகுதியாக உள்ள இன்னொரு பழம் புளி. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் திடீரெனப் பழுதானதை 2022ல் கால்நடை மருத்துவ ஆய்விதழில் பதிவு செய்தார்கள். இதைப் படித்த அன்றோடு எங்கள் வீட்டில் குழம்புச் சட்டியை நாய்த் தட்டில் வழிப்பது நின்றது. பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் திராட்சையை மறக்காதீர்கள். பண்டிகை நாளில் பிள்ளைகள்தான் ஊட்டிவிடுவார்கள்.

வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளக்கும், குடலைக் குத்தும். கடலைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. பூஞ்சை பிடித்த புண்ணாக்கில் உள்ள அஃப்ளாடாக்சின் ஈரலைத் தின்றுவிடும். மாட்டுக்கே புது புண்ணாக்காகப் பார்த்து வாங்குகிறோம்.

மிச்சத்தைப் பயன்படுத்தவே கூடாதா? தாளிப்பதற்கு முன் எடுத்து வையுங்கள். வெறும் பருப்பு, வெந்த கீரை, உப்புப் போடாத களி, கேரட் துண்டு, இவையெல்லாம் நல்ல துணை. நாள் உணவில் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## கறிக்கடைப் பச்சைக் கழிவு

'நாய் காட்டு மிருகம், பச்சைக்கறிதான் இயற்கை' என்ற பேச்சு இப்போது நகரத்திலிருந்து நம் பக்கமும் வந்துவிட்டது. கடையில் குடலும் தலையும் காலும் மலிவு. எடை வைக்கும், பளபளக்கும்.

என் நாலாவது அளவுகோலில் இது தோற்கிறது. ஆடு, செம்மறியின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிபோல இருக்கும் ஒரு நாடாப்புழுவின் குஞ்சுக் கூடு. அதை நாய் பச்சையாகத் தின்றால் குடலில் புழுவாகும். நாய்க்கு ஒன்றும் தெரியாது. புழுவின் முட்டை மலத்தில் வெளியேறி, நாயின் ரோமத்தில் ஒட்டி, தடவிய கையோடு பிள்ளையின் வாய்க்குப் போனால் மனித ஈரலில் அதே கட்டி வளரும். பல வருஷம் சத்தமில்லாமல் வளர்ந்து அறுவை சிகிச்சைவரை கொண்டுபோகும். திருவிழாவில் கிடா வெட்டும் நாளில் குடலையும் ஈரல் துண்டையும் நாய்க்கு வீசுகிறோமே, அந்த ஐந்து நிமிடம் போதும். கோழிக்கறியென்றால் சால்மோனெல்லா, அது நாயின் நக்கலிலும் தட்டுக் கழுவும் இடத்திலும் பரவும்.

இதே கழிவை வேகவைத்தால் கதை மாறுகிறது. கோழிக் கழுத்தையும் காலையும் குக்கரில் முக்கால் மணி நேரம் விட்டு, விரலால் நசுக்கினால் எலும்பு மாவாகும்வரை வேகவைத்தால் கறியும் கால்சியமும் ஒரே விலையில் வந்துவிடும். நசுங்காத எலும்பு ஒன்றிரண்டு கிடக்கும், அதை எடுத்துப் போட்டுவிடுங்கள். இப்படி வேகவைத்துப் போடும் நாளில் முட்டை ஓட்டுப் பொடி வேண்டாம். தோப்பிலும் காட்டிலும் இரண்டு மூன்று நாய் வைத்திருப்பவர்களுக்குக் காசு கட்டுப்படியாகும் ஒரே நல்ல வழி இதுதான் என்று நினைக்கிறேன்.

## தட்டுக்குப் பக்கத்துக் கிண்ணம்

உணவை இவ்வளவு யோசித்துவிட்டுத் தண்ணீரை மட்டும் போர்க்குழாயில் பிடித்து வைக்கிறோம். நம் இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறை நம் வீட்டிலேயே இருக்கிறது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் மனிதனுக்கு ஆகாது என்கிறது இந்தியத் தரநிலை. கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். நீங்கள் குடிப்பதையே நாய்க்கும் ஊற்றுங்கள்.

பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே எழுதிய களிக் கணக்கு எதுவும் பூனைக்குப் பொருந்தாது. பூனை கறி தின்றே ஆக வேண்டிய பிறவி. டாரின் என்ற சத்து கறியிலிருந்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் போகும். பால்சோறு போட்டு வளர்க்கும் பூனை எலி பிடிப்பதால்தான் பிழைத்திருக்கிறது. வெளியே விடாத பூனைக்குப் பூனைப் பாக்கெட்தான் என் பதில்.

## மூன்று பேருக்கும்

பென்னாகரத்துத் தம்பி: வளர்ச்சி முடியும்வரை குட்டிகளுக்கான பாக்கெட்டையே முதன்மையாக வையுங்கள். நாட்டுக் குட்டிக்கு ஒரு வருஷம், பெரிய இனமென்றால் ஒன்றரை வருஷம். பாக்கெட்டோடு கால்சியம் டானிக்கோ முட்டை ஓடோ சேர்க்கக் கூடாது. குறைந்தாலும் கால் வளையும், பெரிய இனக் குட்டிக்குக் கூடினாலும் எலும்பு கோணும்.

ஓசூர் அம்மா: நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் களி கிண்டுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். பாக்கெட்டே போதும், உறுத்த வேண்டாம். லாப்ரடாருக்குப் பசி அடங்காது. பிரிட்டனில் பார்த்ததில் நாலில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணுவிலேயே கோளாறு இருந்தது. அதனால் தராசில் நிறுத்துப் போடுங்கள், கெஞ்சும்போது ஓசூர் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கேரட்டையும் பீன்ஸையும் பச்சையாகக் கொடுங்கள். விடுமுறை நாளில் ஒரு வேளை களி கிண்டிப் போட ஆசையிருந்தால் போடலாம், அந்த வேளைப் பாக்கெட்டைக் குறைத்துவிட்டு.

காவேரிப்பட்டணம் ஐயா: குக்கர் கழுத்தும் களியும் உங்களுக்கு. தோப்பில் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்தடிக்கும் நாளில் நாய்களைக் கட்டிவையுங்கள், கலக்கிய டிரம்மில் வாய் வைத்துவிடும். சீசனில் விழும் பழத்தை நாய் ஆசையாகத் தின்னும், பழத்தால் தொந்தரவில்லை. கொட்டையை விழுங்கினால் குடலில் அடைத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். விடாமல் வாந்தி எடுத்து, தண்ணீரும் தங்காவிட்டால் அதுதான் என்று வைத்துக்கொண்டு ஓடுங்கள்.

எதிலிருந்து எதற்கு மாறினாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் மூன்று நாள் கால் பங்கு புதியது, அடுத்த மூன்று நாள் பாதி, அப்புறம் முக்கால், பத்தாம் நாள் முழுசாக. இடையில் பேதியானால் முந்தின அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் அங்கேயே நில்லுங்கள். செவலைக்கு நான் பாக்கெட்டிலிருந்து களிக்கு மாறியபோது ஆறாம் நாள் அப்படித்தான் ஆனது, மறுபடி கால் பங்குக்கு இறங்கி ஏறப் பதினாலு நாள் பிடித்தது.